ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலும் அதிகாரங்களும்

ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐக்கிய அமெரிக்க நாட்டின் தலைவரும், அதன் நடுவண் அரசின் தலைவரும், முப்படைகளின் முதன்மைத் தளபதியும் ஆவார். இப்பதவிக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடைபெறுகிறது. வாக்காளர்கள் வேட்பாளருக்கு வாக்களிப்பது போலத் தோன்றினாலும், சட்டப்படி அவர்கள் தெரிவு செய்வது தத்தம் மாநிலத்துக்கான தேர்வாளர்களையே ஆகும். நாடு முழுவதும் உள்ள 538 தேர்வாளர்களில் குறைந்தது 270 பேரின் வாக்கைப் பெறுபவரே குடியரசுத் தலைவர் ஆகிறார். இதனால் நாடளாவிய அளவில் குறைந்த வாக்குகள் பெற்றவர் வெற்றி பெறுவதும் இயலும். 2000, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே நிகழ்ந்தது.

இந்தியாவிலும் "குடியரசுத் தலைவர்" என்ற பதவி உள்ளது. ஆனால் இந்தியக் குடியரசுத் தலைவர் பெரும்பாலும் அமைச்சரவையின் அறிவுரைப்படி செயற்படுபவர். அமெரிக்காவில் பிரதமர் பதவி கிடையாது. நிறைவேற்று அதிகாரம் முழுவதும் குடியரசுத் தலைவர் என்னும் ஒருவரிடமே உள்ளது. அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது; நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மூலம் அவரை நீக்கவும் முடியாது. இலங்கையில் 1978 முதல் நடைமுறையில் உள்ள நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி முறை, இவ்வகையில் இந்திய முறையை விட அமெரிக்க முறைக்கு நெருக்கமானது.

வரலாற்றுப் பின்னணி

1787 ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில், நாட்டின் தலைவரை எவ்வாறு தெரிவு செய்வது என்பது நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. நாடாளுமன்றமே தெரிவு செய்தால் அவர் அதற்குக் கட்டுப்பட்டவராகி விடுவார் என்று சிலர் கருதினர். மக்கள் நேரடியாகத் தெரிவு செய்தால், பரந்த நாட்டில் வேட்பாளர்களைப் பற்றி அனைவரும் அறிந்திருக்க முடியாது என்று வேறு சிலர் கூறினர். இதற்கு அடிமை முறையும் ஒரு காரணமாக அமைந்தது. தெற்கு மாநிலங்களின் மக்களில் பெரும் பகுதியினர் வாக்குரிமையற்ற அடிமைகள். நேரடித் தேர்தல் நடந்தால் அம்மாநிலங்களின் செல்வாக்குக் குறைந்துவிடும். ஆனால், ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு நாடாளுமன்ற இடங்களை ஒதுக்கும் உடன்பாடு ஏற்கெனவே செய்துகொள்ளப்பட்டிருந்தது. அந்த இடங்களின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட தேர்வாளர் முறையில் அம்மாநிலங்களின் செல்வாக்குக் குறையாமல் காக்கப்பட்டது.

தொடக்கத்தில் ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு வாக்குகள் அளித்தார். முதலிடம் பெற்றவர் குடியரசுத் தலைவராகவும், இரண்டாமிடம் பெற்றவர் துணைத் தலைவராகவும் ஆயினர். 1800 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரே கட்சியைச் சேர்ந்த தாமசு செபர்சனும் ஆரன் பரும் தலா 73 வாக்குகள் பெற்றனர். கீழவையில் 36 முறை வாக்கெடுப்பு நடத்திய பின்னரே, பிப்ரவரி 1801 இல் செபர்சன் தெரிவானார். இக்குழப்பம் மீண்டும் நேராமலிருக்க, 1804 இல் ஏற்கப்பட்ட 12 ஆவது திருத்தம் இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என வகுத்தது.

தகுதிகளும் பதவிக்காலமும்

அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்பு பின்வரும் தகுதிகளைக் குறிப்பிடுகிறது:

- பிறப்பால் அமெரிக்கக் குடிமகனாக இருத்தல்
- 35 வயது நிரம்பியிருத்தல்
- 14 ஆண்டுகள் ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்திருத்தல்

பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். சார்ச்சு வாசிங்டன் இரண்டு பதவிக்காலங்களுடன் விலகியது ஒரு மரபாயிற்று. பிராங்கிளின் ரூசவெல்ட் அம்மரபை மீறி 1932, 1936, 1940, 1944 ஆகிய நான்கு தேர்தல்களில் வென்றார். அவருக்குப் பின் 1951 இல் ஏற்கப்பட்ட 22 ஆவது திருத்தம், ஒருவர் இரண்டு முறைக்கு மேல் இப்பதவிக்குத் தெரிவு செய்யப்படக்கூடாது என்று சட்டமாக்கியது. அவ்விரண்டு முறையும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை. குரோவர் கிளீவ்லாந்து (1884, 1892), டொனால்ட் டிரம்ப் (2016, 2024) ஆகிய இருவர் இடைவெளி விட்டு இருமுறை வென்றவர்கள்.

தேர்தல் நடைமுறை

முதனிலைத் தேர்தல்கள்

ஒவ்வொரு கட்சியின் வேட்பாளரையும் தெரிவு செய்வதற்கு, தேர்தல் ஆண்டின் தொடக்கத்திலிருந்து மாநில வாரியாக முதனிலைத் தேர்தல்களோ கட்சியினர் கூட்டங்களோ நடைபெறுகின்றன. இவற்றில் வேட்பாளர்கள் திரட்டும் பேராளர்கள், கோடையில் நடைபெறும் கட்சியின் தேசிய மாநாட்டில் கூடி வேட்பாளரை முறைப்படி அறிவிப்பர். வேட்பாளரைக் கட்சித் தலைமை முடிவு செய்யும் வழக்கம் உள்ள நாடுகளிலிருந்து இது பெரிதும் வேறுபட்டது.

2024 இல் மக்களாட்சிக் கட்சியின் (டெமாக்ரட்டிக் கட்சி) முதனிலைத் தேர்தல்களில் வென்றிருந்த சோ பைடன் சூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். பேராளர்கள் தம் வாக்கால் துணைத் தலைவர் கமலா ஆரிசை வேட்பாளராக்கினர். இவருடைய தாயார் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர்.

பொதுத் தேர்தல்

1845 ஆம் ஆண்டுச் சட்டப்படி, நவம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமையன்று தேர்தல் நடைபெறுகிறது. அதாவது, இந்நாள் எப்போதும் நவம்பர் 2 முதல் 8 வரையிலான நாட்களில் ஒன்றாக இருக்கும்.

இந்தியத் தேர்தல் ஆணையம் போன்ற, நாடு முழுவதற்குமான தேர்தலை நடத்தும் அமைப்பு அமெரிக்காவில் இல்லை. நடுவண் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் உள்ள அமைப்பு தேர்தல் நிதி தொடர்பான சட்டங்களை மட்டுமே கவனிக்கிறது. வாக்காளர் பதிவு, வாக்குச்சீட்டு, அஞ்சல் வாக்கு, எண்ணிக்கை ஆகிய அனைத்தும் மாநிலங்களின் பொறுப்பு. அவற்றை நடைமுறைப்படுத்துவோர் பெரும்பாலும் மாவட்ட அளவிலான அலுவலர்கள். எனவே ஒரே தேர்தலில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறுபடும். தேர்தல் இரவில் வெளியாகும் "வெற்றி" அறிவிப்புகள் செய்தி நிறுவனங்களின் கணிப்புகளே. அதிகாரபூர்வ முடிவைச் சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து மாநிலங்கள் சான்றளிக்கின்றன.

தேர்வாளர் குழு

ஒரு மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை, அம்மாநிலத்தின் கீழவை உறுப்பினர்களையும் இரண்டு மேலவை உறுப்பினர்களையும் கூட்டினால் கிடைக்கும் எண்ணாகும். கீழவையில் 435 இடங்களும் மேலவையில் 100 இடங்களும் உள்ளன. 1961 இல் ஏற்கப்பட்ட 23 ஆவது திருத்தம் தலைநகரான வாசிங்டன் டி.சி.க்கு மூன்று தேர்வாளர்களை அளித்தது. ஆக மொத்தம் 538.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஏற்ப இப்பங்கீடு மாற்றப்படும். 2020 கணக்கெடுப்பின்படி 2024, 2028 தேர்தல்களுக்கான பங்கீட்டில் பெரிய மாநிலங்கள்:

- கலிபோர்னியா: 54
- டெக்சாசு: 40
- புளோரிடா: 30
- நியூயார்க்: 28
- இலினொய், பென்சில்வேனியா: தலா 19

எவ்வளவு சிறிய மாநிலமாயினும் மூன்று தேர்வாளர்களாவது உண்டு. 2020 கணக்கெடுப்பில் சுமார் 5.77 லட்சம் மக்கள்தொகை கொண்ட வயோமிங்கில் ஒரு தேர்வாளருக்குச் சுமார் 1.92 லட்சம் மக்கள்; சுமார் 3.95 கோடி மக்கள்தொகை கொண்ட கலிபோர்னியாவில் ஒரு தேர்வாளருக்குச் சுமார் 7.3 லட்சம் மக்கள். இம்முறையைக் குறை கூறுவோர் பெரிதும் எடுத்துக்காட்டும் ஏற்றத்தாழ்வு இது.

48 மாநிலங்களிலும் தலைநகரிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர்கூட அங்குள்ள எல்லாத் தேர்வாளர்களையும் பெறுகிறார். மேய்ன், நெப்ராசுகா ஆகிய இரு மாநிலங்களில் மட்டும் இரண்டு தேர்வாளர்கள் மாநில வெற்றியாளருக்கும், ஏனையோர் அந்தந்தக் கீழவைத் தொகுதியின் வெற்றியாளருக்கும் உரியவர்கள். "அனைத்தும் வென்றவர்க்கே" என்ற இவ்விதி அரசியலமைப்பில் இல்லை. மாநிலங்கள் தாமே இயற்றிக்கொண்டது. முடிவு முன்னரே தெரிந்த கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் வேட்பாளர்கள் பரப்புரை செய்வது குறைவு. பென்சில்வேனியா, மிச்சிகன், விசுகான்சின், சியார்சியா, அரிசோனா போன்ற "ஊசலாடும் மாநிலங்களில்" அவர்கள் தம் நேரத்தையும் பணத்தையும் குவிப்பதற்கு இவ்விதியே காரணமாகும்.

தேர்வாளர்கள் டிசம்பர் மாதத்தில் தத்தம் மாநிலங்களில் கூடி வாக்களிக்கின்றனர். அவர்கள் அனைவரும் ஓரிடத்தில் கூடுவதில்லை. தம் கட்சியின் வேட்பாளருக்கு வாக்களிக்காமல் மாற்றி வாக்களிப்போர் அரிதாகவே இருந்துள்ளனர். 2016 இல் ஏழு பேர் அவ்வாறு வாக்களித்தனர். மாநிலங்கள் இத்தகையோரைத் தண்டிக்கவோ மாற்றவோ சட்டமியற்றலாம் என்று 2020 சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாக்குகளை எண்ணுதல்

தேர்வாளர் வாக்குகள் சனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் எண்ணப்படுகின்றன. அப்போதைய துணைத் தலைவர், மேலவைத் தலைவர் என்ற முறையில் அக்கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். இதனால் தோற்ற வேட்பாளரே தம் தோல்வியை அறிவிக்கும் நிலையும் ஏற்பட்டுள்ளது. 1961 இல் ரிச்சர்டு நிக்சன், 2001 இல் அல் கோர், 2025 இல் கமலா ஆரிசு ஆகியோர் அவ்வாறு அறிவித்தவர்கள். புதிய தலைவர் சனவரி 20 அன்று நண்பகலில் பதவியேற்கிறார். 1933 இல் 20 ஆவது திருத்தம் ஏற்கப்படும் முன்னர் இந்நாள் மார்ச் 4 ஆக இருந்தது.

யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிடின்

எவரும் 270 வாக்குகளைப் பெறாவிடின், முதல் மூவரிலிருந்து ஒருவரைக் கீழவை தெரிவு செய்யும். அப்போது உறுப்பினருக்கு ஒரு வாக்கு அல்ல. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 26 மாநிலங்களின் ஆதரவு தேவை. துணைத் தலைவரை மேலவை தெரிவு செய்யும். 1824 இல் ஆண்ட்ரூ சாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளும் சான் குவின்சி ஆடம்சு 84 வாக்குகளும் பெற்றனர். இருவருக்கும் பெரும்பான்மை இல்லாததால் கீழவை கூடி ஆடம்சைத் தெரிவு செய்தது.

மக்கள் வாக்கும் தேர்வாளர் வாக்கும்

1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில் மக்கள் வாக்கில் முதலிடம் பெறாதவர் குடியரசுத் தலைவரானார். அண்மைய தேர்தல்களின் தேர்வாளர் வாக்குகள் வருமாறு:

- 2000: சார்ச்சு வா. புசு 271, அல் கோர் 266
- 2004: சார்ச்சு வா. புசு 286, சான் கெர்ரி 251
- 2008: பராக் ஒபாமா 365, சான் மெக்கெயின் 173
- 2012: பராக் ஒபாமா 332, மிட் ராம்னி 206
- 2016: டொனால்ட் டிரம்ப் 304, இலரி கிளின்டன் 227
- 2020: சோ பைடன் 306, டொனால்ட் டிரம்ப் 232
- 2024: டொனால்ட் டிரம்ப் 312, கமலா ஆரிசு 226

2000 இல் கோர் நாடளாவிய அளவில் சுமார் 5.4 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தார். ஆனால் புளோரிடாவில் புசு 537 வாக்குகள் முன்னணியில் இருந்தார். அங்கு நடந்த மறு எண்ணிக்கையை டிசம்பர் 12, 2000 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற தீர்ப்பால் நிறுத்தியது. அம்மாநிலத்தின் 25 தேர்வாளர்களும் புசுவுக்குச் சேர்ந்தனர். 2016 இல் இலரி கிளின்டன் சுமார் 28.7 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன், விசுகான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் டிரம்பின் மொத்த முன்னணி சுமார் 78,000 வாக்குகளே.

2020 இல் பைடன் நாடளாவிய அளவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் முன்னணி பெற்றார். எனினும் அரிசோனா (10,457), சியார்சியா (11,779), விசுகான்சின் (20,682) ஆகிய மாநிலங்களில் அவருடைய முன்னணி மொத்தம் 43,000 வாக்குகளுக்கும் குறைவு. அம்மூன்று மாநிலங்களின் 37 தேர்வாளர்களும் மறுபக்கம் சென்றிருந்தால் இருவரும் தலா 269 வாக்குகள் பெற்றுச் சமநிலை ஏற்பட்டு, தெரிவு கீழவைக்குச் சென்றிருக்கும்.

2020 தேர்தலும் சனவரி 6 நிகழ்வும்

2020 தேர்தல் முடிவை டிரம்ப் ஏற்க மறுத்தார். அவர் தரப்பில் 60 க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடரப்பட்டன. ஏறத்தாழ அனைத்தும் தள்ளுபடியாயின. சனவரி 6, 2021 அன்று கூட்டுக் கூட்டத்தில் சில மாநிலங்களின் வாக்குகளை ஏற்காமல் விடும்படி துணைத் தலைவர் மைக் பென்சை டிரம்ப் வற்புறுத்தினார். அத்தகைய அதிகாரம் அரசியலமைப்பின்படி தமக்கு இல்லை என்று பென்சு எழுத்து மூலம் அறிவித்தார். அன்று பிற்பகல் டிரம்பின் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வன்முறையாக நுழைந்தனர். எண்ணிக்கை பல மணி நேரம் தடைபட்டு, மறுநாள் அதிகாலையில் நிறைவு பெற்றது.

எண்ணிக்கையின் சட்ட அடிப்படையாக அதுவரை இருந்தது 1887 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, தெளிவற்ற சொற்கள் கொண்ட ஒரு சட்டம். அதன் ஓட்டைகளை அடைக்க டிசம்பர் 2022 இல் தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதன் முதன்மைக் கூறுகள்:

- துணைத் தலைவரின் பணி வெறும் சடங்கு முறையானது. வாக்குகளை ஏற்கவோ தள்ளவோ அவருக்கு அதிகாரமில்லை.
- ஒரு மாநிலத்தின் வாக்குக்கு எதிர்ப்புத் தெரிவிக்க ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினரின் கையெழுத்து வேண்டும். முன்னர் அவைக்கு ஒருவரே போதுமானது.

இச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் எண்ணிக்கை சனவரி 6, 2025 அன்று அமைதியாக முடிந்தது. இரண்டு வாரங்கள் கழித்துப் பதவியேற்ற டிரம்ப், 2021 நிகழ்வு தொடர்பாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சுமார் 1,500 பேருக்கு முதல் நாளிலேயே மன்னிப்பு வழங்கினார். வேறு சிலரின் தண்டனையைக் குறைத்தார்.

அதிகாரங்கள்

சட்டவாக்கமும் தடுப்புரிமையும்

சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது. இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டமுன்வரைவில் குடியரசுத் தலைவர் கையெழுத்திடலாம். அல்லது ஞாயிறு நீங்கலாகப் பத்து நாட்களுக்குள் தம் மறுப்புரைகளுடன் திருப்பி அனுப்பலாம். வீட்டோ எனப்படும் இத்தடுப்புரிமையை இரு அவைகளும் மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் முறியடிக்கலாம். பிராங்கிளின் ரூசவெல்ட் 635 முறை இவ்வுரிமையைப் பயன்படுத்தினார். ஒரு சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் தள்ளும் அதிகாரத்தை 1996 இல் நாடாளுமன்றம் வழங்கியது. அதனை 1998 இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது.

நிர்வாக ஆணைகள்

நடுவண் அரசின் துறைகள் எவ்வாறு செயற்பட வேண்டும் என்று குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஆணைகள் நிர்வாக ஆணைகள் எனப்படுகின்றன. இவை புதிய சட்டங்கள் அல்ல. அரசியலமைப்போ ஏற்கெனவே உள்ள சட்டமோ தரும் அதிகாரத்துக்கு உட்பட்டே இவை செல்லுபடியாகும். 1948 இல் ஆரி ட்ரூமன் படைகளில் இன ஒதுக்கலை நீக்கியது இத்தகைய ஆணையால்தான். 1942 இல் சுமார் 1.2 இலட்சம் சப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் இத்தகைய ஆணையால்தான்.

ஆணைகளை அடுத்து வரும் தலைவர் கையெழுத்தொன்றால் நீக்க முடியும். நீதிமன்றமும் தடுக்கலாம். 1952 இல் எஃகு ஆலைகளை அரசுடைமையாக்க ட்ரூமன் பிறப்பித்த ஆணையை உச்ச நீதிமன்றம் தள்ளியது. கல்விக் கடன் தள்ளுபடிக்காகப் பைடன் அரசு வகுத்த சுமார் 40,000 கோடி டாலர் திட்டம், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாதது என 2023 சூனில் தள்ளப்பட்டது.

சனவரி 20, 2025 அன்று டிரம்ப் பிறப்பித்த ஆணை ஒன்று, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாழிட உரிமை பெற்றவராகவோ இல்லாவிடில் அவர்களுக்கு அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை இல்லை என்று கூறியது. எச்-1பி போன்ற தற்காலிக நுழைவுரிமையில் அங்கு பணிபுரியும் இந்தியர்களின் குழந்தைகளையும் இது உள்ளடக்கியது. பல நடுவண் நீதிமன்றங்கள் இதற்குத் தடை விதித்தன. சூன் 27, 2025 அன்று உச்ச நீதிமன்றம், ஒரு கீழ் நீதிமன்றம் வழக்காடாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுவதற்கும் தடையாணை வழங்குவதற்கு வரம்பு விதித்தது. ஆணை அரசியலமைப்புக்கு ஏற்றதா என்பதை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை. அதன் பின்னர் ஒரு குழுவினர் அனைவர் சார்பிலும் தொடரப்பட்ட வழக்கின் மூலம் ஆணை மீண்டும் தடுக்கப்பட்டது.

போர் அதிகாரம்

போரை அறிவிப்பது நாடாளுமன்றம். படைகளை நடத்துவது குடியரசுத் தலைவர். நாடாளுமன்றம் முறைப்படி போரை அறிவித்தது கடைசியாக 1942 இல் ஆகும். கொரியா, வியட்நாம், ஈராக் ஆகிய போர்கள் எவையும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல. வியட்நாம் போரின் பின்னணியில், நிக்சனின் தடுப்புரிமையையும் மீறி 1973 இல் போர் அதிகாரத் தீர்மானம் நிறைவேறியது. இதன்படி படைகளை மோதலில் ஈடுபடுத்தினால் 48 மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும்; ஒப்புதல் கிடைக்காவிடின் 60 நாட்களுக்குள் அவற்றைத் திரும்பப் பெற வேண்டும். இரு கட்சித் தலைவர்களும் இதன் எல்லைகளை நெகிழ்த்தியே வந்துள்ளனர். 2025 சூனில் ஈரானின் அணுவாற்றல் நிலையங்கள் மீது நடத்தப்பட்ட தாக்குதலும் நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் இன்றியே நடந்தது.

உடன்படிக்கைகளும் வணிகமும்

பன்னாட்டு உடன்படிக்கைகளுக்கு மேலவையில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். இது கிடைக்காததால்தான் முதலாம் உலகப் போருக்குப் பிந்திய வெர்சாய் உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவில்லை. இத்தடையைத் தவிர்க்கத் தலைவர்கள் நிர்வாக உடன்பாடுகளைச் செய்துகொள்வது வழக்கம். பாரிசு தட்பவெப்ப உடன்பாட்டில் ஒபாமா சேர்த்தார். 2020 இல் டிரம்பின் முடிவால் அமெரிக்கா வெளியேறியது. 2021 இல் பைடன் மீண்டும் சேர்த்தார். சனவரி 2025 இல் டிரம்ப் மீண்டும் விலக ஆணையிட்டார்.

வரி விதிப்பது அரசியலமைப்பின்படி நாடாளுமன்றத்தின் அதிகாரம். எனினும் பல சட்டங்கள் வழியாக அதன் ஒரு பகுதியை அது குடியரசுத் தலைவருக்கு அளித்துள்ளது. 2025 இல் டிரம்ப், 1977 ஆம் ஆண்டின் பன்னாட்டு நெருக்கடிகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டிப் பெரும்பாலான நாடுகளின் பொருட்கள் மீது சுங்க வரி விதித்தார். ஆகஸ்ட் 2025 இல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரி 50 விழுக்காடாயிற்று. அமெரிக்காவைப் பெரிய சந்தையாகக் கொண்ட திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் இதனால் பாதிக்கப்பட்டது. அச்சட்டம் சுங்க வரி விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்று பிப்ரவரி 2026 இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

நியமனங்கள்

அமைச்சர்களுக்கு இணையான துறைச் செயலர்கள், தூதர்கள், நடுவண் நீதிபதிகள் ஆகியோரைத் தலைவர் முன்மொழிய, மேலவை உறுதி செய்ய வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுக்கும் ஓய்வு வயது கிடையாது. ஆகவே ஒரு தலைவரின் நியமனங்கள் அவர் பதவி விட்டுச் சென்ற பின்னரும் பல ஆண்டுகள் நாட்டின் போக்கைத் தீர்மானிக்கும். டிரம்ப் தம் முதல் பதவிக்காலத்தில் மூன்று நீதிபதிகளை நியமித்தார். கருக்கலைப்பு அரசியலமைப்பு உரிமை என்ற 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2022 இல் மாற்றப்பட்டபோது அம்மூவரும் பெரும்பான்மைத் தரப்பில் இருந்தனர்.

மன்னிப்பு

நடுவண் சட்டத்துக்கு எதிரான குற்றங்களை மன்னிக்கும் அதிகாரம் ஏறத்தாழ வரம்பற்றது. மேலவையின் ஒப்புதலோ நீதிமன்றத்தின் இசைவோ தேவையில்லை. ஆனால் மாநிலச் சட்டக் குற்றங்களுக்கும் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கும் இது பொருந்தாது. 1974 இல் செரால்டு போர்டு, தமக்கு முன் பதவி வகித்த நிக்சனுக்கு வழக்குத் தொடரப்படும் முன்னரே மன்னிப்பு வழங்கினார்.

கட்டுப்பாடுகள்

அரசின் செலவுக்கு நாடாளுமன்றம் நிதி ஒதுக்க வேண்டும். உரிய காலத்தில் ஒதுக்காவிடின் அரசு அலுவலகங்கள் பல மூடப்படும். அக்டோபர் 1, 2025 இல் தொடங்கி 43 நாட்கள் நீடித்த பணிநிறுத்தம் அதுவரை நிகழ்ந்தவற்றுள் மிக நீண்டதாகும்.

குடியரசுத் தலைவரைப் பதவி நீக்க, கீழவை எளிய பெரும்பான்மையால் குற்றஞ்சாட்ட வேண்டும். மேலவை விசாரித்து மூன்றில் இரு பங்குப் பெரும்பான்மையால் தண்டிக்க வேண்டும். ஆண்ட்ரூ சான்சன் (1868), பில் கிளின்டன் (1998), டொனால்ட் டிரம்ப் (2019, 2021) ஆகியோர் குற்றஞ்சாட்டப்பட்டனர். எவரும் நீக்கப்படவில்லை. சான்சன் ஒரே வாக்கில் தப்பினார். 2021 இல் 57 பேர் டிரம்புக்கு எதிராக வாக்களித்தும் தேவையான 67 கிடைக்கவில்லை. நிக்சன் 1974 ஆகஸ்ட்டில் கீழவை வாக்களிக்கும் முன்னரே பதவி விலகினார்.

சூலை 1, 2024 அன்று உச்ச நீதிமன்றம், முன்னாள் குடியரசுத் தலைவர்கள் தம் அடிப்படை அரசியலமைப்பு அதிகாரங்களைப் பயன்படுத்திச் செய்த செயல்களுக்காகக் குற்ற வழக்கிலிருந்து முழுமையான பாதுகாப்புப் பெறுவர் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிற அலுவல்சார் செயல்களுக்கு முதற்கட்டப் பாதுகாப்பு உண்டு. தனிப்பட்ட செயல்களுக்கு இல்லை. பதவியின் அதிகாரம் சட்டத்துக்கு மேற்பட்டதாகி விட்டது என்று மாறுபட்ட நீதிபதிகள் கருதினர். தீர்ப்பை ஆதரிப்போர், ஒவ்வொரு தலைவரும் பின்னாளில் வழக்குக்கு அஞ்சிச் செயலற்றுப் போவதை இது தடுக்கும் என்கின்றனர்.

நான்காண்டுப் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலும் ஒரு கட்டுப்பாடே. அதில் கீழவையின் 435 இடங்களுக்கும் மேலவையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கும் தேர்தல் நடைபெறும். குடியரசுத் தலைவரின் கட்சி பெரும்பாலும் இத்தேர்தலில் இடங்களை இழப்பதே வழக்கம்.

சீர்திருத்த முயற்சிகள்

தேர்வாளர் குழுவை நீக்கி நேரடித் தேர்தல் நடத்தும் திருத்தம் ஒன்று 1969 இல் கீழவையில் பெரும் பெரும்பான்மையுடன் நிறைவேறியது. ஆனால் 1970 இல் மேலவையில் சில உறுப்பினர்கள் விவாதத்தை முடிக்கவிடாமல் நீட்டித்ததால் அது கைவிடப்பட்டது. அரசியலமைப்பைத் திருத்த இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவும், 50 மாநிலங்களில் 38 இன் ஒப்புதலும் வேண்டும். தற்போதைய முறையால் பயன்பெறும் சிறிய மாநிலங்கள் இதற்கு இசைவது அரிது.

எனவே திருத்தம் இன்றியே அதே விளைவைப் பெற, மாநிலங்களுக்கிடையிலான தேசிய மக்கள் வாக்கு உடன்பாடு உருவாக்கப்பட்டது. இதில் சேரும் மாநிலங்கள், தம் மாநில முடிவு எதுவாயினும், நாடளாவிய அளவில் முதலிடம் பெற்றவருக்கே தம் தேர்வாளர்களை அளிக்க உறுதி கூறுகின்றன. சேர்ந்தவற்றின் கூட்டுத்தொகை 270 ஐ எட்டினால் மட்டுமே உடன்பாடு நடைமுறைக்கு வரும். 2024 இல் மேய்ன் சேர்ந்தபோது அத்தொகை 209 ஆயிற்று.

இம்முறையை ஆதரிப்போர், இது ஒரு கூட்டாட்சி நாட்டில் மாநிலங்களின் தனித்தன்மையைக் காக்கிறது என்றும், வேட்பாளர்கள் பெருநகரங்களை மட்டும் நாடாமலிருக்கச் செய்கிறது என்றும், மறு எண்ணிக்கை ஏற்பட்டால் அதனை ஒரு சில மாநிலங்களுக்குள் அடக்குகிறது என்றும் கூறுகின்றனர். எதிர்ப்போர், ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கை இதில் மீறப்படுகிறது என்றும், ஊசலாடும் ஒரு சில மாநிலங்களின் சில பத்தாயிரம் வாக்குகளே முழு நாட்டின் முடிவையும் தீர்மானிக்கின்றன என்றும் சுட்டிக்காட்டுகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

- ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு
- ஐக்கிய அமெரிக்க மேலவை
- ஐக்கிய அமெரிக்கக் கீழவை
- ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம்
- ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் பட்டியல்
- இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல்